உடைந்த பிஸ்டன்களின் அலமாரி: பர்ட் மன்ரோவும் நம்ம ஊர் ரட்ஜும்

கோயம்புத்தூரில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். கலங்கல் கிராமத்துப் பையன் ஒருத்தர், வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பார்க்கிறார். மனசு அதிலேயே நின்றுவிடுகிறது. ஊரைவிட்டு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியை முன்னூறு ரூபாய்க்கு வாங்குகிறார். அக்கு அக்காகப் பிரிக்கிறார். திரும்ப மாட்டுகிறார். வண்டி ஓடுகிறது. அந்தப் பையன்தான் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நானே இதை மனப்பாடம் பண்ணிச் சொல்லியிருக்கேன். இப்போது வாட்ஸ்அப்பில் மாசத்துக்கு ஒரு தடவை வருது. ஆனால் எத்தனை பேர் சொல்லிக் கேட்டாலும், "பிரித்தார்", "மாட்டினார்" என்கிற இரண்டு சொல்லுக்கு நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எந்த போல்ட் வரலை? எந்த வாஷர் கிழிந்தது? முதல் தடவை மாட்டியபோது வண்டி ஸ்டார்ட் ஆச்சா?

மாதவன் நடிப்பில் 'ஜி.டி.என்.' என்று ஒரு படம் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தப்ப, எனக்கு முதலில் தோன்றின கேள்வி இதுதான். அந்த ரட்ஜ் காட்சியை எப்படி எடுப்பாங்க? பின்னணி இசையோடு இரண்டு நிமிஷ மான்டேஜா? இந்தக் கேள்வியோடதான் பல வருஷம் கழிச்சு 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' (2005) படத்தைத் திரும்பப் பார்த்தேன். தலைப்பில் இருக்கும் இண்டியன் நம்மாள் இல்லை, அமெரிக்காவில் தயாரான மோட்டார்சைக்கிள் பிராண்ட். வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கையாலேயே உலோக பாகங்கள் செய்து வண்டியை மாற்றிய ஒரு மனுஷனைப் பற்றி வந்த படங்களில் இதுதான் பிரபலம். இந்தப் பதிவு அந்தப் படம் எதைச் சரியாகக் காட்டுது, எதை மறைக்குது, அந்த மறைப்பு நம்ம ஊர்க் கதையிலும் ஏன் இருக்கு என்பதைப் பற்றி.

படமும் மனுஷனும்

பர்ட் மன்ரோ நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1899-ல் பிறந்தவர். 1920-ல் ஒரு இண்டியன் ஸ்கவுட் வாங்கினார். 600 சிசி, அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர். 1926-ல் அதை மாற்ற ஆரம்பித்தார். பகலில் மோட்டார்சைக்கிள் விற்பனையாளர் வேலை, ராத்திரி கொட்டகையில் வண்டி வேலை. கையில் காசு கிடையாது. அதனால் பிஸ்டன், சிலிண்டர் பேரல், ஃப்ளைவீல் எல்லாம் தானே செய்தார். பழைய டப்பாக்களில் வார்ப்படம் ஊற்றினார். கடைசியில் அந்த எஞ்சின் 950 சிசி ஆகியிருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து பான்வில் உப்புச் சமவெளியில் 1962-ல் மணிக்கு 288 கிலோமீட்டர், 1967-ல் 295 கிலோமீட்டர் என்று சாதனை வைத்தார். அப்போது அவருக்கு வயசு 68, வண்டிக்கு 47.

இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன். மன்ரோவாக ஆந்தனி ஹாப்கின்ஸ். டொனால்ட்சன் 1971-லேயே நிஜ மன்ரோவை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தவர். அதன் பேரைத் தமிழில் 'வேக தெய்வத்துக்குக் காணிக்கை' என்று சொல்லலாம். மன்ரோவின் கொட்டகையில், உடைந்துபோன, உருகிப்போன பாகங்களை அடுக்கி வைத்திருந்த அலமாரிக்கு அவரே வைத்த பேர் அது.

2005 படத்திலும் அந்த அலமாரி வருது. ஹாப்கின்ஸ் பழைய பிஸ்டன்களை உருக்கி அச்சில் ஊற்றுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணை விரித்துப் பார்க்கிறான். சமையலறைக் கத்தியால் டயரைச் சீவுகிறார். இந்த முதல் அரை மணி நேரம்தான் படத்தின் உயிர். ஒரு பட்டறையின் அழுக்கை அழகு பண்ணாமல், கேலியும் பண்ணாமல் காட்டியிருக்காங்க. ஹாப்கின்ஸ் ஒரு இரும்புத் துண்டைக் கையில் எடுக்கும் விதத்தைப் பாருங்க. லேத் பட்டறையில் வேலை செய்தவங்க உலோகத்தைத் தூக்கும்போது கூடவே அதன் எடையையும் பார்ப்பாங்க. அது அவரிடம் இருக்கு.

அப்புறம் அவர் கப்பலேறுகிறார். படமும் கொட்டகையை விட்டு இறங்கிவிடுது. மீதி முழுக்கப் பயணக் கதை. வழியில் பார்க்கிறவங்க எல்லாம் நல்லவங்க. டிரெய்லர் சக்கரம் கழன்றால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துப் போகிறார். கடைசியில் ஒரே வருஷம், ஒரே பயணம், மணிக்கு 200 மைலைத் தாண்டிவிடுகிறார். கைதட்டல்.

எது காணாமல் போச்சு

நிஜத்தில் அவர் பான்வில்லுக்கு ஒரு தடவை போகலை, பல தடவை போனார். 1962 சாதனைக்கு முன்னால் 36 வருஷம் அந்த வண்டியை மாற்றிக்கொண்டே இருந்திருக்கார். அவர் பேரில் பதிவான சாதனை வேகம் எதுவும் 200 மைலைத் தொடலை. 1967 சாதனை 183.59 மைல். அதிலும் ஒரு கணக்குப் பிழை இருந்ததை அவர் மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் அது 184.087 என்று திருத்தப்பட்டது. அவர் இறந்து 36 வருஷம் கழித்து! குடும்பம், பிள்ளைகள் என்று வாழ்ந்த மனுஷனைப் படம் தனியாளாகக் காட்டுது.

சினிமாவுக்காக வருஷங்களைச் சுருக்கினதில் எனக்குப் புகார் இல்லை. இரண்டு மணி நேரத்தில் 36 வருஷத்தைக் காட்ட முடியாது. 184-ஐ 200 ஆக்கினதைக்கூட மன்னிச்சிடலாம். என் புகார் வேறு. இந்தப் படத்தில் அவர் கையால் செய்த பாகம் எதுவும் தோற்பதில்லை. தோல்வி எல்லாம் டிரெய்லருக்கு, டயருக்கு, உடம்புக்குத்தான். அலமாரியில் இருக்கும் உடைந்த பிஸ்டன்கள் படம் ஆரம்பிக்கும் முன்பே உடைந்தவை. அவை ஒரு அலங்காரம். அதில் ஒன்றை எடுத்து, இது ஏன் உடைந்தது, அடுத்ததில் என்ன மாற்றினேன் என்று மன்ரோ பையனுக்கு ஒரே ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் படமே வேறு.

ஏன் அந்த ஒரு நிமிஷம் முக்கியம்? பிஸ்டனையே எடுத்துக்குவோம்.

படத்தைப் பார்க்கிறவங்களுக்கு, பழைய பிஸ்டனை உருக்கிப் புது பிஸ்டன் ஊற்றுவது ஏழ்மையின் அடையாளமாகத் தெரியும். உண்மையில் அது சரியான உலோகத் தேர்வு. அலுமினியம் சூடேறினால் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்த அலுமினிய பிஸ்டன் 200 டிகிரி சூடேறினால் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். அதே சூட்டில் இரும்பு சிலிண்டர் அதில் பாதிதான் பெருக்கும். இடைவெளி கம்மியாக விட்டால் பிஸ்டன் ஜாம் ஆகும். அதிகமாக விட்டால் குளிர்ந்த எஞ்சினில் தடதடக்கும். இந்த விரிவைக் குறைக்கத்தான் பிஸ்டன் அலுமினியத்தில் சிலிக்கான் கலக்கிறார்கள். தேய்மானமும் அதனால் குறையும். அலுமினியக் குண்டானை உருக்கி ஊற்றினால் பார்க்க பிஸ்டன் மாதிரியே இருக்கும், ஓடாது. பழைய பிஸ்டனை உருக்கினால் சரியான கலவை தானாகவே கிடைக்குது.

அதோடு முடியாது. உருக்கிய அலுமினியத்தை அளவுக்கு மேல் சூடாக்கினால் காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கும். ஆறும்போது அந்த வாயு வெளியே வர முடியாமல் உள்ளே குண்டூசி முனை அளவு ஓட்டைகளாக நின்றுவிடும். வெளியே வழவழப்பு, உள்ளே பஞ்சு. அதை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதாவது, உடைந்த பிஸ்டன்தான் பாடப்புத்தகம். மன்ரோ அந்த அலமாரியை வைத்திருந்தது நகைச்சுவைக்காக மட்டும் இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய மைக்ரோமீட்டர் ஒரு பழைய சைக்கிள் ஸ்போக் மாதிரியான கம்பிதான் என்பார்கள். இதையும் 'பாருங்க, ஒன்றுமே இல்லாமல் சாதிச்சார்' என்றுதான் சொல்கிறார்கள். என் ஊகம் வேறு. ஒரு பாகத்தை இன்னொன்றோடு ஒப்பிட எண் தேவையில்லை. போன தடவை ஓடினதைவிட இது பெரிசா, சின்னதா என்று தெரிந்தால் போதும். ஆனால் அதற்குப் போன தடவை செய்ததைப் பத்திரமாக வைத்திருக்கணும். ஸ்போக்கும் அலமாரியும் சேர்ந்ததுதான் அவருடைய அளவுகோல்.

என் காணிக்கை

இதையெல்லாம் படம் பார்த்து நான் கண்டுபிடிக்கலை. ஒரு பிராக்கெட் உடைந்துதான் கண்டுபிடிச்சேன்.

என்னிடம் ஒரு பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி இருக்கு. ஃபுட்ரெஸ்ட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளணும்னு ஆசை. 8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வாங்கி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, இரண்டு சனி ஞாயிறில் ஒரு பிராக்கெட் செய்தேன். வலது பக்கத்தில் பிரேக் பெடலும் அதிலேயே. பாலிஷ் போட்டு ஃபோட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினாங்க. இரண்டு மாசம் ஓடுச்சு. மருதமலை ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினப்ப கால் காற்றில் தொங்குச்சு. பிரேக் பெடலும் கூடவே தொங்குச்சு. பின்னாடி என் பொண்ணு உட்கார்ந்திருந்தா. முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஓரம் கட்டினேன். ஒன்றும் ஆகலை. அவளுக்கு என்ன நடந்ததுன்னே தெரியலை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரமாச்சு.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அறுபது வயசுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னைக்கு உடையலைங்க தம்பி. பாதி கருத்துப் போயிருக்குது பாருங்க. அது பழைய வெடிப்பு. மீதிதான் இன்னைக்கு."

"எங்கிருந்துங்ணா ஆரம்பிச்சிருக்கும்?"

"இந்த உள்மூலைல அரத்த வெச்சுக் கூரா விட்டுப்போட்டீங்க. ரவுண்டு குடுத்திருக்கோணும். அரம் இழுத்த கோடு கூட அப்படியே இருக்குதுங்க. படிச்ச புள்ள நீங்க."

கடைசி வாக்கியம்தான் வலிச்சது. கூர்மூலையில் அழுத்தம் குவியும் என்பது பி.இ. இரண்டாம் வருஷப் பாடம். பரீட்சையில் வரைபடம் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கேன். இரும்புக்கு ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை தடவை ஆட்டினாலும் சோர்வு வராது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை நடைமுறையில் கிடையாது என்றும் படிச்சிருக்கேன். ஒவ்வொரு பள்ளமும் ஒரு எண்ணிக்கை. என் கையில் அரம் இருந்தப்ப இது ஒன்றும் ஞாபகம் வரலை. கண் முன்னால் இருந்தது ஃபோட்டோவில் பார்த்த அழகான பிராக்கெட்டுகள் மட்டும்தான். அவற்றில் உடைந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. யாரும் போடுவதில்லை.

விதி சொல்கிறவர் வில்லனா?

படத்தில் எனக்கு இப்போது ரொம்ப உறுத்துகிற காட்சி, பான்வில் பரிசோதனைக் காட்சி. அதிகாரிகள் மன்ரோவின் வண்டியைப் பார்க்கிறார்கள். ஒழுங்கான பிரேக் இல்லை, பாராசூட் இல்லை, டயரில் வெடிப்பு. ஓட்டக் கூடாது என்கிறார்கள். படம் அவர்களை நல்ல மனசுள்ள, ஆனால் புரியாத ஆட்களாகக் காட்டுது. பிறகு எல்லோரும் இரங்கி விட்டுவிடுகிறார்கள். நாமும் நிம்மதியாகிறோம். முதல் தடவை பார்த்தப்ப நானும் அப்படித்தான் கைதட்டினேன். இப்போது பார்த்தால் அந்த அதிகாரிகள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயமான கேள்வி. உப்புச் சமவெளியில் அவர் தன் உயிரை மட்டும்தான் பணயம் வைக்கிறார் என்பது ஒன்றுதான் அவருக்குச் சாதகமான வாதம். மருதமலை ரோடு உப்புச் சமவெளி இல்லை.

நம்ம ஊர்ச் சட்டம் இதில் நேர் எதிர்ப்பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் சொல்வது: தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. நோக்கம் சரி. என் பிராக்கெட்டே அதற்குச் சாட்சி. ஆனால் நல்ல வேலையையும் மோசமான வேலையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இதில் இல்லை. பான்வில்லில் ஒரு ஆள் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். இங்கே யாரும் குனிவதில்லை. நடுரோட்டில் நிறுத்தி அபராதம் போடுவாங்க, இல்லைன்னா கண்டுக்காமல் விடுவாங்க. அதனால் வேலை எல்லாம் மறைவாக நடக்குது. மறைவாக நடக்கும் வேலையில் தோல்விகளும் மறைவாகவே போயிடுது. யாரும் யாரிடமிருந்தும் கற்றுக்கொள்வதில்லை.

திரும்ப ரட்ஜுக்கு

இப்போது நம்ம கதையைத் திரும்பப் பார்க்கலாம். ரட்ஜ் நிறுவனம் மோட்டார்சைக்கிள் விற்க ஆரம்பிச்சதே 1911-ல்தான். நாயுடு பிறந்தது 1893. அந்தக் கால வண்டிகளில் எஞ்சினுக்கு எண்ணெய் தானாகச் சுற்றி வராது. ஓட்டுகிறவரே கைப்பம்பால் அடிக்கணும், எரிந்து போகிற அளவுக்கு மறுபடி அடிக்கணும். அப்போதைய கோயம்புத்தூரில் ரட்ஜுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பிரிக்கும்போது ஏதாவது கிழிந்திருந்தால், வளைந்திருந்தால், கொல்லனிடமோ வேறொரு கைவினைஞரிடமோ போய்த்தான் செய்திருக்கணும். இது என் அனுமானம்தான். ஆனால் இந்த அனுமானம்கூட இல்லாமல் நாம் அந்தக் கதையைச் சொல்கிறோம். அதில் இரண்டே பேர்: பையனும் வண்டியும்.

அவருடைய பிற்கால வாழ்க்கை இந்தத் தனியாள் கதைக்கு ஒத்துவருவதில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரு பஸ் விட்டதில் ஆரம்பித்தவர், அதைப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். அத்தனை பஸ்ஸையும் ஒரு ஆள் பழுது பார்க்க முடியாது. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்கிறோமே, அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் கையும் இருந்தது. பின்னால் டெக்ஸ்டூலை உருவாக்கியவர் அவர். பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இன்றைக்கு இருக்கும் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் ஒரு மேதையிடமிருந்து வரலை. ஒருத்தர் செய்த தப்பைப் பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துத் திருத்தி வளர்ந்தவை.

நாயுடுவுக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்து இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கும் இடத்தில் அவர் முதல்வராக இருந்தார். பொறியியலுக்கு நான்கு வருஷம் தேவையில்லை, பாதிக் காலம் போதும் என்று வாதாடி, அரசு ஒத்துக்காததால் விலகினார். இந்தச் சம்பவத்தை 'டிகிரி வேஸ்ட்' என்பதற்கு ஆதாரமாகச் சொல்கிறவங்களைப் பார்த்திருக்கேன். எனக்கு அப்படிப் படலை. என் பிராக்கெட் உடைந்தது டிகிரியால் இல்லை, டிகிரி இல்லாததாலும் இல்லை. பாடத்தில் படிச்ச மூலையும் கையில் இருந்த மூலையும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் ஒரு உடைந்த துண்டை வைத்துக் காட்டலை. அது கல்லூரியிலும் நடக்கலை, நான் பார்த்த படங்களிலும் நடக்கலை.

அதனால் 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' பாருங்க என்றே சொல்வேன். ஹாப்கின்ஸுக்காக, முதல் அரை மணி நேரத்துக்காக. ஆனால் அந்த அலமாரி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் எப்படிப் போயிருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாருங்க. வீட்டில் ஏதாவது செய்கிறவராக இருந்தால், உடைந்ததைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க. என் பிராக்கெட்டின் இரண்டு துண்டும் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் இருக்கு. மார்க்கர் பேனாவால் தேதியும் 'உள்மூலை, ரவுண்டு இல்லை' என்றும் எழுதி வைத்திருக்கேன். வீட்டுக்கு வருகிற வண்டிப் பைத்தியங்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ரட்ஜ் காட்சியை யார் எடுத்தாலும் சரி, எனக்கு ஒரே ஒரு ஆசை. வண்டியைத் திரும்ப மாட்டி முடித்ததும், தரையில் ஒரு பாகம் மிச்சம் கிடக்கணும். அது எங்கே மாட்டுறதுன்னு தெரியாமல் அந்தப் பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்.